சுத்தி செய்யாத பிசின்

அக்டோபர் 17

மழை பிடிப்பதற்குள் மீதி மரங்களையும் கீறிவிட வேண்டும் என்று காலையிலேயே தோப்புக்குப் போனேன். அப்பா வீட்டுக்குப் பின்னால் நட்டுவிட்டுப் போன பைன் மரங்கள். அவர் எனக்கென்று விட்டுப்போனவற்றில் என் சித்தப்பா மக்கள் பிடுங்கிக்கொள்ளாதது இது ஒன்றுதான். மலைச்சரிவு, உழ முடியாது என்பதால் விட்டார்கள்.

பைன் மரத்தைக் கீறுவதில் ஒரு நேர்மை இருக்கிறது. பட்டையைச் செதுக்கிவிட்டு, கீழே ஒன்றுசேரும் இரண்டு சரிவான வெட்டுகள் போட வேண்டும். அடியில் தகரக் கிண்ணம். வெட்டின் மேல் அமிலம் தடவ வேண்டும். காயத்தை மூடத்தான் மரம் பிசினை அனுப்புகிறது. நாம் மூடவிடாமல் பார்த்துக்கொள்கிறோம். தொழில் அவ்வளவுதான்.

திரும்பி வந்தபோது என் தங்கை அன்னமயில் வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். இடது காது கீழிருந்து கிழிந்து இரண்டாகத் தொங்கியது. ரவிக்கைத் தோள் முழுக்கக் காய்ந்த ரத்தம்.

"ஜீப்புல வந்தியா?"

"நடந்தே வந்தேண்ணே. ஜீப்புல ஏறுனா எல்லாரும் பாப்பாக."

"தோடு எங்க?"

"அவரு கையிலதான்."

அவர் என்றால் தங்கமாயன், அவள் புருஷன், மரவெட்டு மேஸ்திரி. கோடரி பிடிக்கும் கைக்குத் தோட்டைப் பிடித்து இழுப்பது பெரிய வேலையில்லை. கல்யாணத்தின்போதே நான் வேண்டாம் என்றேன். அன்று கூடத்தில் இருந்த பெரியவர்கள் யாரும் என்னைக் கேட்கவில்லை. இன்று அவர்களில் யாரும் உயிரோடு இல்லை. அதனால் இப்போது சொல்லிக் காட்டவும் ஆளில்லை.

காதை ஒட்டவைத்து என் களிம்பைப் பூசி நாடா போட்டேன்.

"எரியுதுண்ணே."

"எரிஞ்சா வேலை செய்யுதுன்னு அர்த்தம்."

அக்டோபர் 18

களிம்பைப் பற்றி எழுதிவைக்கிறேன். நான் செத்த பிறகு பேராசிரியர் குலசேகரன் இதையும் தன் பெயரில் போட்டுக்கொள்வார்.

நாட்டு மருந்துக்கடையில் பைன் பிசினுக்குக் கந்தபிரோசா என்று பெயர். வெட்டை நோய்க்கு, வெட்டுக்காயத்துக்கு, பழுக்காத கட்டிக்குப் பற்றாக, மூட்டுவலிக்கு, நெஞ்சுச் சளிக்குப் புகையாக என்று எல்லாவற்றுக்கும் கொடுத்திருக்கிறார்கள். ஆனால் சும்மா கொடுப்பதில்லை. துணியில் முடிந்து பால் பானைக்குள் தொங்கவிட்டு வேகவைக்க வேண்டும். அதற்குச் சுத்தி என்று பெயர். சுத்தி செய்யாத பிசினை வைத்தியர்கள் தொடமாட்டார்கள்.

இந்த மூடத்தனத்தை உடைத்ததுதான் என் ஆராய்ச்சி. பிசினில் இரண்டு பங்கு. ஆவியாகிப் போகும் டர்பன்டைன் ஒன்று. அதில் பெரும்பகுதி பைனீன். ஆவியாகாமல் கண்ணாடிபோல் இறுகும் ரோசின் மற்றொன்று. அதில் அபியட்டிக் அமிலம். கிருமியைக் கொல்வதில் இரண்டும் சேர்ந்தால்தான் முழு வேகம். பாலில் வேகவைத்தால் பைனீன் ஆவியோடு போய்விடும். பாதி மருந்தைக் கூரைக்கு அனுப்பிவிட்டு மீதியை நோயாளிக்குத் தடவுகிறார்கள்.

இதைச் சொன்ன கட்டுரையைக் குலசேகரன் 'முதிராத சிந்தனை' என்று சிவப்பு மையில் எழுதித் திருப்பிக் கொடுத்தார். என் அட்டவணைகள் மட்டும் இரண்டு வருடம் கழித்து அவருடைய கட்டுரையில் முதிர்ந்துபோய்க் கிடந்தன. நான் துறைத்தலைவராக வேண்டிய நாற்காலியில் அவருடைய மாணவனைக் கொண்டுவந்து உட்காரவைத்தார். அந்த வருடம்தான் என் மனைவியும் போனாள்.

என் களிம்பில் பச்சைப் பிசின், தேன்மெழுகு, நெய். சுத்தி கிடையாது.

அக்டோபர் 20

மழை. அன்னத்தின் காது சேர்ந்துவருகிறது. சீழ் ஒரு சொட்டு இல்லை.

கொட்டகையில் எலித்தொல்லை. பலகையில் பிசினைத் தடவிவைத்தேன். காலையில் ஒன்று ஒட்டிக்கொண்டு கிடந்தது. விடுபடத் திமிறியதில் வயிற்றுத் தோல் பலகையோடு போயிருந்தது. செங்கல்லால் அடித்தேன். அன்னம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அத்தனை அடி வாங்கியவள் ஒரு எலிக்கு அழுகிறாள்.

அக்டோபர் 23

நடந்ததை ஒழுங்காக எழுத முயல்கிறேன். கை வலிக்கிறது.

மத்தியானம் கொட்டகையில் பிசின் காய்ச்சிக்கொண்டிருந்தேன். சருகும் பட்டையும் நீங்க உருக்கி வடிகட்டுவது வழக்கம். பெரிய இரும்புச் சட்டி, இரண்டு பக்கமும் காது வைத்தது. வெளியே அன்னத்தின் குரல். ஒரே ஒரு தடவைதான் கத்தினாள், பிறகு சத்தமில்லை. கத்தினால் அடி கூடும் என்று பழகியிருக்கிறாள்.

தங்கமாயன் அவள் கூந்தலைக் கையில் சுற்றிக்கொண்டு முற்றத்துச் சேற்றில் இழுத்துக்கொண்டு வந்தான். மற்றக் கையில் வெட்டுக்கத்தி. குடித்திருக்கவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. கொட்டகை வாசலில் அவளை மண்டிபோட வைத்தான். ஒட்டவைத்திருந்த காதைப் பார்த்துச் சிரித்தான். நாடாவோடு சேர்த்து மறுபடி பிய்த்தான்.

"நல்லாத் தச்சிருக்கியே மச்சான். ஊசி போடத் தெரியாத டாக்டருன்னுல்ல நெனச்சேன்."

"மாப்ள, கத்தியக் கீழ போடுங்க."

"போடாட்டி? பரிச்சைல பெயிலாக்கிருவியா?"

கத்தியின் முதுகால் அவள் தோளில் ஒரு அடி. எலும்பு முறியும் சத்தம் கேட்டது. பிறகு கத்தியைத் திருப்பிப் பிடித்தான். "பாத்துக்க. ஒன் வீட்டுல வச்சே அறுக்குறேன். அப்பத்தான் யாரும் வச்சுக் காப்பாத்த மாட்டீங்க."

அப்போது சட்டி கவிழ்ந்தது. அடுப்பு மேடை கொஞ்சம் ஆட்டம் உள்ளதுதான். கொதிக்கும் பிசின் அவன் இடுப்பிலிருந்து முழங்கால்வரை இறங்கியது. கொதிக்கும் தண்ணீர் வழிந்து போய்விடும், பிசின் போகாது. ஒட்டிக்கொண்டு வேகவைக்கும். வேட்டியைப் பிடுங்கினான். தோலும் கூட வந்தது. அதன் பிறகு அவன் போட்ட சத்தம் ஒரு மனிதனுடையதுபோல் இல்லை. அன்னம் காதைப் பொத்திக்கொண்டு சேற்றில் படுத்திருந்தாள்.

குளிர்ந்த தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருந்தேன். இறுகிய பிசினைப் பிய்க்கவில்லை. நெய் தடவி ஊறவிட்டேன். இதெல்லாம் சரியான முறை.

எனக்கும் இரண்டு உள்ளங்கையிலும் கொப்புளம். சட்டியின் காது பதிந்த அளவுக்கு.

அக்டோபர் 24

மலைப்பாதையில் மண்சரிவு. இரண்டு இடத்தில் ரோடே இல்லை என்று பக்கத்துத் தோட்டக்காரர் மாசிலாமணி வந்து சொன்னார். ஊரில் ஜீப் வைத்திருப்பவர் அவர் ஒருவர்தான். முன்னறையில் கிடந்தவனைப் பார்த்தார். விலா எலும்புக்குக் கீழே பார்வை போகவில்லை.

"என்ன வாத்தியாரே, இது எப்பிடி?"

"சட்டி கவிழ்ந்திருச்சு."

"நாலு பேரு கம்பளியில கட்டித் தூக்கிச் சரிவத் தாண்டிருவோம். அந்தப் பக்கம் ஆம்புலன்ஸு வரும்."

"தூக்குனா காயம் கிழியும். ரோடு சரியாகட்டும். இங்க நான் பாத்துக்கிறேன்."

"நீங்க மருந்துக்குப் படிச்சவுக. நாங்க என்னத்தக் கண்டோம்" என்று போய்விட்டார்.

அன்னத்தின் தோளெலும்பு விட்டிருக்கிறது. கையைக் கழுத்தோடு தூக்கிக் கட்டிவிட்டேன். ஒரு கையால் அவனுக்குக் கஞ்சி ஊட்டுகிறாள். நான் களிம்பு போடுகிறேன், காலையும் மாலையும், தாராளமாக. குளிர் என்பதால் ஜன்னல் எல்லாம் சாத்தி, நெஞ்சுச் சளிக்குப் பிசின் புகையும் போட்டேன்.

அக்டோபர் 28

காய்ச்சல் இறங்கிவிட்டது. இவ்வளவு பெரிய தீக்காயத்தில் சீழ் இல்லை. ஓரங்களில் இளஞ்சிவப்பில் புதுத் தோல். குலசேகரனை இங்கே கொண்டுவந்து, கழுத்தைப் பிடித்து இந்தத் தொடைக்கு மேல் குனியவைத்து, 'முதிர்ந்ததா?' என்று கேட்க வேண்டும்.

என் உள்ளங்கைகளுக்கும் அதையே போட்டுக் கட்டியிருக்கிறேன்.

நோயாளி பேசத் தொடங்கிவிட்டான்.

"ஒன் மருந்து நல்லாத்தான் வேல செய்யுது மச்சான். எந்திரிச்சு நின்னதும் மொத வெட்டு ஒனக்குத்தான்."

"ரெண்டாவது?"

"அவளுக்கு வெட்டு கெடையாது. அவள வச்சுத்தான் பாப்பேன். கொஞ்சங் கொஞ்சமா."

அன்னம் கஞ்சிக் கிண்ணத்தோடு நின்றுகொண்டிருந்தாள். உப்பு போதுமா என்று கேட்டாள். போதும் என்றான்.

அக்டோபர் 31

இன்று அவனுடைய தகர டப்பாவைக் கொட்டப் போனபோது ஒரு வாசனை. முதலில் நம்பவில்லை. பழைய பங்களாக்களின் நிழல் பாத்திகளில் பூக்கும் வயலட் பூ. மூத்திர டப்பாவில் இருந்து.

வேதியியல் படித்தவனுக்கு இதில் சந்தேகமே கிடையாது. டர்பன்டைன் உள்ளே போன உடம்பு மூத்திரத்தில் வயலட் வாசனை விடும். பைனீனை ஈரல் மாற்றி அனுப்புகிறது. நிறையப் போனால் சிறுநீரகம் புண்ணாகும், ரத்தம் வரும், பிறகு அடைத்துக்கொள்ளும்.

அலமாரியில் டர்பன்டைன் பாட்டில் இருக்கிறது. வந்த அன்றே அன்னத்திடம் சொல்லியிருந்தேன்: தண்ணீர் என்று நினைத்து எடுத்துவிடாதே, குடித்தால் ஆள் காலி. அவனுக்குக் கசாயம் கொடுப்பது அவள்.

என் தங்கைக்கு இவ்வளவு தைரியம் உண்டு என்று நான் நினைத்ததே இல்லை. எனக்குப் பெருமையாக இருந்தது. இதை எழுதக்கூடாதுதான்.

நவம்பர் 1

பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தவளிடம் சொன்னேன்.

"டப்பாவ மோந்து பாத்தேன்."

"ச்சீ. அத ஏண்ணே மோந்து பாக்குற?"

"டர்பன்டைன் உள்ள போயிருக்கு அன்னம். எனக்குத் தெரியும். யார்ட்டயும் சொல்லிக்கிற வேணாம்."

அவள் தேய்ப்பதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தாள்.

"எத்தன நாளாண்ணே?"

"நாலஞ்சு நாளா இருக்கும்."

"எனக்காகவா?"

என்ன கேட்கிறாள் என்று புரியவில்லை. வாயை மூடிக்கொண்டிருப்பதைத்தான் கேட்கிறாள் என்று எண்ணினேன்.

"பின்ன யாருக்காக? எல்லாம் ஒனக்காகத்தான்."

கட்டுப் போட்ட என் கையைப் பிடித்து முகத்தில் வைத்துக்கொண்டாள். சாம்பலும் கண்ணீரும் கட்டுத்துணியில் ஒட்டிக்கொண்டன. புதிதாகக் கட்ட வேண்டியதாயிற்று.

நவம்பர் 3

மாசிலாமணியின் ஆட்கள் சரிவில் மண் அள்ளுகிறார்கள். சுவரைப் பிடித்துக்கொண்டு இரண்டு நிமிடம் நின்றான் தங்கமாயன். "கத்தி எங்க மச்சான் வச்சிருக்க?" என்று கேட்டான். விளையாட்டாகத்தான் கேட்டான். அன்னம் அடுக்களையில் கிண்ணத்தைக் கீழே போட்டாள்.

நவம்பர் 4

காலையில் தோப்பு ஓரம் ஒதுங்கினேன். மழை விட்டிருந்தது. ஈர மண்ணிலிருந்து எழுந்தது அதே வாசனை.

அங்கே வயலட் பூ கிடையாது. நான்தான் நின்றிருந்தேன்.

நான் டர்பன்டைன் குடிக்கவில்லை. என் கஞ்சியை நானே காய்ச்சிக்கொள்கிறேன். ஆனால் தோல் போன இரண்டு உள்ளங்கையிலும் பச்சைப் பிசினைத் தடவிக் கட்டியிருக்கிறேன். சாத்திய அறையில் அதன் ஆவியை மூச்சாக இழுத்துக்கொண்டிருக்கிறேன். உள்ளங்கை அளவு காயத்துக்கே இவ்வளவு என்றால், இடுப்பிலிருந்து முழங்கால்வரை தோலில்லாமல் கிடப்பவனுக்கு நாளும் இரண்டு வேளை பூசியதில் எவ்வளவு போயிருக்கும்?

பாலில் கட்டி வேகவைத்தவர்கள் பாதி மருந்தைக் கூரைக்கு அனுப்பவில்லை.

ஆக, அன்னம் எதையும் கலக்கவில்லை. 'எனக்காகவா' என்று அவள் கேட்டது இப்போதுதான் விளங்குகிறது. நான் கொல்வதாக நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

அவளிடம் சொல்ல வேண்டும். களிம்பை நிறுத்த வேண்டும். சட்டியில் ஒரு மணி நேரம் காய்ச்சினாலே போதும், டர்பன்டைன் போய்விடும். நாளைக்குச் செய்கிறேன்.

நவம்பர் 5

விறகெல்லாம் ஈரம். காய்ச்சவில்லை.

என் கைக்கு வெறும் நெய்.

நவம்பர் 6

காலையும் மாலையும் களிம்பு. பாதியில் நிறுத்தினால் காயம் பழுக்கும். காயத்தைப் பொறுத்தவரை இதைவிட நல்ல மருந்து இந்த மலையில் இல்லை. இன்று தோல் ஒரு விரற்கடை முன்னேறியிருக்கிறது.

"பூ வாசமா இருக்கே மச்சான். எவளையாவது கூட்டியாந்து வச்சிருக்கியா?" என்று கேட்டான். நான் சிரித்துவிட்டேன். இத்தனை வருடத்தில் அவன் சொன்ன ஒன்றுக்கு நான் சிரித்தது இதுதான் முதல்முறை. அவனும் சிரித்தான்.

நவம்பர் 8

மூத்திரம் சிவப்பு. இடுப்பு வலிக்கிறது என்கிறான். முகம் ஊதியிருக்கிறது.

அன்னம் என்னிடம் வந்து, "போதும்ணே. விட்டுரு" என்றாள்.

"எதை?"

"எனக்கு வேணாம்ணே. கால் இழுத்துக்கிட்டுத்தான நடப்பாரு. ஓடிப் போய்க்கிருவேன்."

"ஓடிப் போனவதான இங்க வந்த? காது என்னாச்சு?"

அடுக்களைக்குப் போய்விட்டாள். மாலைக் களிம்பை நான் போடும்போது வாசலில் நின்று பார்த்தாள். அவளுக்குக் களிம்பின்மேல் சந்தேகம் வரவில்லை. கசாயத்தைத்தான் மோந்து பார்த்தாள், கொட்டிவிட்டுப் புதிதாகப் போட்டுக் கொடுத்தாள். அவன் அவள் கையைத் தட்டிவிட்டான். சூடான கசாயம் அவள் உடைந்த தோளில் கொட்டியது. துடைத்துக்கொண்டு இன்னொரு தம்ளர் கொண்டுவந்தாள்.

நவம்பர் 9

மூத்திரம் இல்லை.

நவம்பர் 10

ரோடு திறந்தது. மாசிலாமணி ஜீப்பைக் கொண்டுவந்தார். பின்சீட்டில் படுக்கவைத்தோம். வலிப்பு வந்தது. அன்னம் தன் முந்தானையைச் சுருட்டி அவன் பல்லுக்கிடையில் வைத்தாள். அந்த நிலையிலும் கடித்தான். அவள் விரல் நகம் போய்விட்டது. நான் கூடப் போகவில்லை. கையில் இந்தக் கட்டோடு ஜீப்பில் எதைப் பிடித்துக்கொண்டு உட்காருவது?

தோப்பில் கிண்ணங்கள் நிறைந்து வழிந்திருந்தன. ஊற்றியெடுத்தேன்.

நவம்பர் 11

பெரியாஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே உயிர் போய்விட்டதாம். மாசிலாமணி சொன்னார். "புண்ணப் பாத்த டாக்டரு அசந்துட்டாரு வாத்தியாரே. எவன் பாத்தது, இவ்வளவு சுத்தமா ஆறியிருக்கேன்னு கேட்டாரு."

யார் அந்த டாக்டர், பெயர் என்ன என்று கேட்டேன். தெரியவில்லை என்றார்.

நவம்பர் 14

இன்ஸ்பெக்டர் வந்தார். இளைஞர், மரியாதையானவர். ஜீப்பில் பெண் காவலருக்குப் பக்கத்தில் அன்னம் உட்கார்ந்திருந்தாள். ஆஸ்பத்திரியில் கேட்டவுடனேயே சொல்லிவிட்டாளாம். என் முன்னிலையில் மறுபடி சொல்லவைத்தார்கள்.

"நான்தாங்க. சட்டியயும் நான்தான் கவுத்தேன். கசாயத்துல கலந்ததும் நான்தான். எங்கண்ணனுக்கு ஒண்ணுந் தெரியாதுங்க. அவரு காப்பாத்தத்தான் பாத்தாரு."

"ஒரு கையி ஒடஞ்சிருக்கு. ஒத்தக் கையால எப்பிடிம்மா அம்மாம் பெரிய சட்டியக் கவுத்த?"

"அதுக்கப்பறந்தாங்க அடிச்சாரு."

என்னைப் பார்க்கவே இல்லை. தலையைக் குனிந்துகொண்டு, கிழிந்த காதைச் சேலையால் மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எனக்கு ஒன்றும் ஆகிவிடக்கூடாது என்பதில் அவ்வளவு கவனம்.

இன்ஸ்பெக்டர் என் கையைப் பார்த்தார். "என்ன சார் கட்டு?"

"மரம் கீறுற வேலை."

உள்ளே வரச்சொன்னேன். காப்பி போட்டுக் கொடுத்தேன். அலமாரியைப் பார்த்தார், என் பட்டத்தைப் பார்த்தார், சுவரில் தொங்கிய பழைய பல்கலைக்கழகப் படத்தைப் பார்த்தார்.

"டாக்டர், ஒங்கள மாதிரி ஆளு இங்க இருக்கது எங்களுக்கு நல்லதாப் போச்சு. எனக்கு இந்தக் கெமிஸ்ட்ரி ஓடாது. ஆஸ்பத்திரில ஒரு சந்தேகம் கேட்டு வரச் சொன்னாங்க. இந்த டர்பன்டைனப் பத்திக் கொஞ்சம் சொல்றீங்களா?"

என்னை யாரும் எதையும் விளக்கச் சொல்லிக் கேட்டு எத்தனையோ காலமாகிவிட்டது. உட்காரவைத்துச் சொன்னேன். பிசின் என்பது என்ன, அதில் பைனீன் எவ்வளவு, ஈரல் அதை என்ன செய்கிறது, வயலட் வாசனை எங்கிருந்து வருகிறது, சிறுநீரகம் ஏன் அடைத்துக்கொள்கிறது. தாளில் பைனீனின் வளையத்தையும் வரைந்து காட்டினேன். அவர் ஒரு வார்த்தை விடாமல் எழுதிக்கொண்டார். குலசேகரனின் வகுப்பில்கூட யாரும் இப்படிக் குறிப்பெடுத்ததில்லை.

எழுந்து தொப்பியை எடுத்துக்கொண்டவர் கதவருகே நின்றார்.

"அவங்க கேக்கச் சொன்னது ஒண்ணுதான் டாக்டர். இது குடிச்சாத்தான் உள்ள போகுமா, இல்ல வேற வழியும் இருக்கா? வேற வழி இருந்தா அந்தம்மா கேஸே வேற மாதிரி ஆயிரும்."

ஜன்னல் வழியாக ஜீப் தெரிந்தது. அன்னம் இப்போதுதான் நிமிர்ந்து வீட்டைப் பார்த்தாள்.

"குடிச்சாப் போகும்" என்றேன்.

அதில் தவறேதும் இல்லை. அவர் அதையும் எழுதிக்கொண்டு, நன்றி சொல்லிவிட்டுப் போனார்.